அணை நிறைய, ஆறு கிலோ பச்சை

ஜூலை பிறந்துவிட்டால் புனேக்காரர்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓர் எண் தினமும் வேண்டும். கடக்வாஸ்லாவில் இன்று எத்தனை டிஎம்சி? முழுதாக நிரம்பினால் 1.97. மேட்டூரின் 93.47ஐக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஏதோ ஊர்க்குளத்தின் கணக்காகத் தோன்றும். ஆனால் மேலே உள்ள பான்ஷெட், வரஸ்காவ், டெம்கர் அணைகளின் தண்ணீரும் இங்கே வந்துதான் ஊருக்கு இறங்குகிறது. 1879இல் கட்டி முடித்த அணை இது. கட்டிய ராணுவப் பொறியாளரின் பெயரால் அன்று இதை ஃபைஃப் ஏரி என்றார்கள். 1903இல் விஸ்வேஸ்வரய்யா தன் தானியங்கி மதகுகளைப் பொருத்திப் பார்த்ததும் இங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அணைக்கரையில் நின்று, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய சுட்ட சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தால், அது லேசாகப் பச்சை ஓடிய சாம்பல் நிறத்தில் இருக்கும். கடல் இங்கிருந்து சஹ்யாத்ரி மலைக்கு அந்தப் பக்கம். ஆனாலும் இந்த ஊர் கடலை மறப்பதில்லை. ஏரிக்கரையில் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. கடற்படைக்குப் போகும் பிள்ளைகள் படகோட்டக் கற்பது இந்த ஏரியின் பீகாக் பே என்ற மூலையில். 1916இல் பாசனத்துக்காகத் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான். அதன் கொட்டகைகளுக்குள் துறைமுகங்களைச் சின்னதாகக் கட்டி, அலை விட்டுப் பார்க்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் பாஷாணில், இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம். அங்கிருந்து வந்த ஒரு முடிவுதான் என்னை இந்தக் கணக்குப் போட வைத்தது.

கணக்கு இதுதான். 1.97 டிஎம்சி என்பது சுமார் 5 கோடியே 58 லட்சம் கன மீட்டர். இந்த ஏரியை மொத்தமாக வடித்துவிட்டு, வெப்பமண்டல நடுக்கடலின் தெளிந்த மேல்நீரைக் கொண்டுவந்து நிரப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் ஒரு கன மீட்டருக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் பச்சையம் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் அணை முழுதுக்கும் ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆறு கிலோகூட இல்லை.

ஒரு கிராம் பசலைக்கீரையில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் பச்சையம் உண்டு. ஆகவே அணை நிறையக் கடல்நீரில் உள்ள பச்சை, ஒரு லாரிக் கீரையில் அடங்கிவிடும். மார்க்கெட் யார்டுக்கு விடியற்காலையில் வந்து, ஏழு மணிக்குள் விற்றுத் தீர்ந்துபோகிற அளவு.

இத்தனை மெல்லிய பச்சைதான் உலகத்தின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதியைச் செய்கிறது. நிலத்தில் காடும் வயலும் சேர்ந்து செய்கிற வேலைக்குக் கிட்டத்தட்ட சமம். எடையில் பார்த்தால் உலகத் தாவரங்களில் கடலின் மிதவைப் பாசிகளின் பங்கு ஒரு சதவீத அளவுதான். பிறந்த நாலைந்து நாளில் ஏதாவது ஒரு வாயில் போய்விடுவதால் அவற்றின் கையிருப்பு எப்போதும் சொற்பம். அன்றன்று கடையைத் திறந்து அன்றன்றே விற்றுத் தீர்க்கிற வியாபாரம் அது. கல்லாவைத் திறந்து பார்த்து அதன் வரவுசெலவைச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் கல்லாவையாவது எண்ண வேண்டும் அல்லவா? அந்த எண்ணிக்கைதான் பச்சைய அளவீடு.

கடல் நீலமாக இருப்பதே அதில் பச்சை அவ்வளவு குறைவு என்பதால்தான். 1921இல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமனுக்கு மத்தியதரைக் கடலின் நீலம் விடாமல் தொந்தரவு கொடுத்தது. வானத்தின் பிரதிபலிப்புதான் அந்த நீலம் என்று அதற்குமுன் ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் சட்டைப் பையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார். கடல் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வான்வெளிச்சத்தை அதைக் கொண்டு அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, இன்னும் அழுத்தமானது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற குறிப்பை, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நிற்கும்போதே எழுதி 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். நீர் சிவப்பை விழுங்குவதும் நீலத்துக்கு ஒரு காரணம். இந்த வெறும் நீலத்துக்குள் பச்சையம் நுழைந்தால், அது முதலில் நீலத்தைத்தான் சாப்பிடும். நீலம் குறையக் குறைய கடல் பச்சை காட்டும். ராமன் இந்தக் கதையில் இன்னொரு முறை வருவார்.

சரி, ஆயிரம் லிட்டரில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கை எப்படி எடை போடுவது? தராசில் முடியாது. அதற்குக் கப்பலில் ஒரு சமையல் நடக்கிறது. சமையல் என்று நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டு முனையும் திறந்த குழாய் போன்ற நிஸ்கின் குடுவைகளை வட்டமாகக் கட்டிக் கம்பியில் இறக்குவார்கள். வேண்டிய ஆழத்தில் மேலிருந்து ஒரு சைகை போனதும் மூடிகள் படீரென்று அடைத்துக்கொள்ளும். 10 மீட்டர் நீர் ஒரு குடுவையில், 50 மீட்டர் நீர் இன்னொன்றில். மேற்பரப்பை மட்டும் மொண்டால் ஏமாந்துபோவோம். வெப்பமண்டலக் கடலில் பச்சை அதிகம் இருப்பது பெரும்பாலும் ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்தில்தான். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, உப்புச்சத்துகள் கீழிருந்து வருகின்றன. இரண்டும் சந்திக்கிற இடத்தில் பாசி கடை விரிக்கிறது.

வந்த நீரை வெயில் படாமல் பழுப்புக் குப்பிகளில் பிடித்து, மங்கிய வெளிச்சத்தில் கண்ணாடி இழை வடிதாளில் மெல்ல உறிஞ்சி வடிகட்டுவார்கள். அந்தத் தாளின் கண்ணளவு 0.7 மைக்ரான். அவசரப்பட்டு வேகமாக உறிஞ்சினால் செல்கள் உடைந்து சாறு கீழே போய்விடும். ஒரு லிட்டர் வடித்தாலும் தாளில் பச்சை தெரிந்தால் அதிர்ஷ்டம். நடுக்கடல் நீருக்குத் தாள் வெள்ளையாகவேதான் இருக்கும். அதிலுள்ள பச்சையம் ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு. தாளைச் சுருட்டித் திரவ நைட்ரஜனில் போடுவார்கள், அல்லது உடனே 90 சதவீத அசிட்டோனில் ஊறவைத்து இருட்டில், குளிரில் ஓர் இரவு வைப்பார்கள். நகப்பூச்சு அழிக்கிற அதே அசிட்டோன்தான். பச்சையம் தண்ணீரில் கரையாது, இதில் கரையும்.

மறுநாள் காலை அந்தக் கரைசலின்மீது நீல ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அது சிவப்பாகத் திரும்பி வருகிறது. இந்த வித்தையை டேவிட் பிரூஸ்டர் 1834இலேயே எழுதிவைத்திருக்கிறார். வீட்டிலும் பார்க்கலாம்: கீரையைக் கசக்கி, அடுப்புக்குத் தூரமாக வைத்து ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டி, இருட்டறையில் நோட்டுச் சரிபார்க்கிற ஊதா டார்ச்சை அடியுங்கள். பச்சைக் கஷாயம் மாதுளைச்சாறு மாதிரி சிவக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் டார்ச்சைத்தான் சந்தேகப்படுவார்கள். பச்சையம் வாங்கிய ஒளியைச் செலவழிக்க இலை இப்போது இல்லை. வாங்கியதில் ஒரு பங்கைச் சிவப்பாகக் கக்குகிறது. எவ்வளவு சிவப்போ அவ்வளவு பச்சையம். கடலின் பச்சையை நாம் உண்மையில் சிவப்பில்தான் எண்ணுகிறோம்.

அடுத்து வருவது நம் அடுப்படிக்கு நன்றாகத் தெரிந்த சமாச்சாரம். புளி விட்டுக் கடைந்த கீரை ஏன் பளிச்சென்ற பச்சையை இழந்து காக்கி நிறமாகிறது? பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு உட்கார்ந்திருக்கிறது. நம் ரத்தத்தின் சிவப்புப் பொருளில் இதே போன்ற வளையத்தின் நடுவே இரும்பு உட்கார்ந்திருப்பதைப் போல. புளிப்பு பட்டால் மெக்னீசியம் எழுந்து போய்விடும், அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்காரும். மிஞ்சுவது ஃபியோஃபைட்டின், பழுப்பு. கடலிலும் நுண்ணிய இறால்வகை உயிர்கள் பாசியைத் தின்று செரிக்கும்போது அவற்றின் வயிற்றில் இப்படிப்பட்ட மாற்றம்தான் நடக்கிறது. ஆகவே வடிதாளில் சிக்கியது முழுவதும் உயிருள்ள பாசியின் பச்சையம் அல்ல. தின்று கழித்த மிச்சமும் அதில் உண்டு. இரண்டையும் பிரிக்க 1965இல் ஹோல்ம்-ஹான்சனும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். சிவப்பை ஒரு முறை அள. ஒன்றிரண்டு சொட்டு அமிலம் விடு. மறுபடி அள. எவ்வளவு மங்கியதோ அதைக் கொண்டு உயிருள்ளது எவ்வளவு, செத்தது எவ்வளவு என்று கணக்குப் போடு. ஆய்வுக்கூடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், வீட்டில் புளி. வேதியியல் ஒன்றுதான்.

இதிலும் ஓட்டை உண்டு. பச்சை ஒன்றல்ல. குளோரோஃபில் ஏ எல்லாருக்கும் பொது. பி, சி என்ற உடன்பிறப்புகள் கூடச் சேர்ந்து ஒளிர்ந்து கணக்கைக் குழப்பும். அதனால் இன்று நம்பகமான அளவீடு வேண்டுமென்றால் எச்.பி.எல்.சி. கருவியில் கரைசலை அழுத்தி ஓடவிட்டு நிறமிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். பள்ளியில் மைப்பொட்டை வடிதாளில் வைத்துத் தண்ணீரில் நனைத்தால் நீலமும் சிவப்பும் தனித்தனியாக ஏறுமே, அதன் பணக்காரச் சொந்தம் இது. இந்தக் கட்டத்தில் அளவீடு ஜாதகம் பார்ப்பது போல் ஆகிவிடுகிறது. ஃபியூகோசாந்தின் நிறைய இருந்தால் டயாட்டம்கள். கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் இவை மீன்வளத்தின் அடிப்படை. பெரிடினின் தெரிந்தால் டைனோஃபிளாஜெல்லேட்டுகள். சியாசாந்தின் என்றால் நீலப்பச்சை நுண்ணுயிர்கள். டைவினைல் குளோரோஃபில் என்ற விசித்திர வகை வந்தால் அது புரோகுளோரோகாக்கஸ். அரை மைக்ரான் சொச்சமே உள்ள உயிர். வடிதாளின் கண்ணுக்குள் நழுவிவிடுமோ என்று சந்தேகப்படும் அளவுக்குச் சிறிது. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஒரு லட்சம்கூட இருக்கும். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் இதை மிஞ்ச ஆள் இல்லை. 1980களின் நடுப்பகுதிவரை இப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நிலவில் மனிதன் நடந்து முடித்த பிறகு கண்டுபிடித்திருக்கிறோம்.

நிறமி ஜாதகத்தின் அருமை நம் கரைக்கே வந்து புரிந்தது. 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சைச் சாயம் கொட்டியது போலானது. மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்றார்கள். நாக்டிலூக்கா என்ற உயிர் அது. அதற்கு முந்தின மாதம் ஓர் இரவு திருவான்மியூர் பக்கம் அலைகள் நீலமாக மின்னி, சென்னையே கைபேசியோடு கடற்கரைக்கு ஓடியதே, அதற்கும் நாக்டிலூக்காவைத்தான் காரணம் சொன்னார்கள். பச்சை நாக்டிலூக்கா தாவரமே அல்ல. தன் உடம்புக்குள் பச்சைப் பாசிகளைக் குடிவைத்திருக்கிற வீட்டுக்காரர். குடியிருப்பவர்களின் பச்சையைத்தான் நாம் பார்க்கிறோம். அரபிக்கடலில் குளிர்காலப் பெருக்கத்தில் டயாட்டம்களின் இடத்தை இந்தப் பச்சை நாக்டிலூக்கா பிடித்துக்கொள்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தப் பச்சைய எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றும். ஃபியூகோசாந்தினையும் குளோரோஃபில் பி-யையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் கடை கைமாறியது தெரியும். டயாட்டத்தை மீனின் இரை உண்கிறது. நாக்டிலூக்காவை விரும்பி விழுங்குவது சால்ப் போன்ற கூழுடலிகள்.

கப்பல் ஒரு நாளில் சில இடங்களைத்தான் தொடும். இந்தியப் பெருங்கடல் ஏழு கோடிச் சதுர கிலோமீட்டர். அதனால் வானத்துக்குப் போனார்கள். 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் முதன்முதலில் கடலின் நிறத்தை மேலிருந்து அளந்தது. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ஓஷன்சாட்-1 போனது. 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 360 மீட்டர் கட்டம் கட்டமாகப் பார்க்கும் கருவி அதில் இருந்தது. அதன் வாரிசு 2022 நவம்பர் 26 அன்று ஏறி இப்போது 13 அலைவரிசைகளில் பார்க்கிறது. மீன் கிடைக்கும் இடம் என்று நம் துறைமுகங்களுக்கு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் அனுப்பும் தகவலில் இந்தப் பச்சைப் படமும் கடல்மேல் வெப்பநிலையும் கலந்திருக்கின்றன.

மேலிருந்து பார்ப்பது எளிதல்ல. கருவிக்கு வந்து சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றும் தூசும் சிதறடித்தது. கடலுக்குள் போய்த் திரும்பியது மிச்சம் ஒரு பங்குதான். அந்த ஒன்பதைக் கழித்துவிட்டு, மீதியில் நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்துப் பச்சையத்தைக் கணிக்கிறார்கள். இங்கேதான் ராமன் திரும்ப வருகிறார். நீர் மூலக்கூறில் மோதிய நீல ஒளியில் ஒரு சிறு பங்கு, ராமன் விளைவால் நிறம் மாறிப் பச்சைப் பக்கம் நகர்ந்து வெளியே வருகிறது. தெளிந்த நடுக்கடலில் இந்தப் பங்கை ஒதுக்க முடியாது. திருத்தவில்லையென்றால் இல்லாத பச்சையை இருப்பதாக எண்ணிவிடுவோம். கடலின் நீலத்தைப் பார்த்து அவர் தொடங்கிய தேடல் 1928இல் போய் முடிந்தது அந்த விளைவில். அது இப்போது கடலின் நிறத்தை அளப்பவர்களின் சூத்திரத்துக்குள் ஒரு திருத்தமாக உட்கார்ந்திருக்கிறது.

இனி பாஷாண் விவகாரம். 2005இல் 'சயின்ஸ்' இதழில் ஜோக்கிம் கோயஸ் குழுவினர் ஒரு குண்டைப் போட்டார்கள். 1997 முதல் 2004 வரை மேற்கு அரபிக்கடலில் கோடைப் பச்சையம் 350 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. இமயத்தில் பனி குறைந்து நிலம் சூடாகி, பருவக்காற்று வலுத்து, அடிநீரை அதிகமாகக் கிளறுகிறது. கேட்க அழகான விளக்கம். 2012இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் இன்னும் சில ஆண்டுகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்து, ஏற்றம் தொடரவில்லை, இறக்கமல்லவா தெரிகிறது என்றார்கள். 2016இல் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையில் பாஷாண் குழு, செயற்கைக்கோள் பதிவோடு கணினி மாதிரிகளையும் சேர்த்து, அறுபது ஆண்டுகளில் மேற்கு இந்தியப் பெருங்கடலின் மிதவைப் பாசி 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது என்று எழுதியது. வெந்நீர் அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே சூடு, கீழே குளிர்ச்சி, கலக்காமல் விட்டால் அப்படியே நிற்கும். கடலின் மேல்நீர் சூடாக ஆக, அடியில் இருக்கும் உப்புச்சத்துகள் மேலேறுவது கடினமாகிறது. பாசிக்குப் பட்டினி.

ஒரே கடல், எதிரெதிர் முடிவுகள். யாரும் பொய் சொல்லவில்லை. கோயஸ் குழு பயன்படுத்திய படங்களை எடுத்த சீவிஃப்ஸ் கருவி 1997 ஆகஸ்டில் வானேறியது. அந்த ஆண்டோ எல் நினோவும் இந்தியப் பெருங்கடலின் சொந்தத் தள்ளாட்டமும் சேர்ந்து மேற்குப் பகுதியைச் சூடாக்கிய ஆண்டு. பள்ளத்தில் நின்று அளக்க ஆரம்பித்தால் எந்தத் தரையும் மேடாகத்தான் தெரியும். ஏழு ஆண்டு என்பது கடலுக்கு ஒரு கொட்டாவி விடுகிற நேரம். என்னைக் கேட்டால் பாஷாண் சொல்வதில் இயற்பியல் உறுதியாக இருக்கிறது. 20 என்ற எண்ணைத்தான் நான் பென்சிலில் எழுதிக்கொள்வேன். அறுபது ஆண்டுகளில் முதல் நாற்பதுக்குத் தொடர்ச்சியான செயற்கைக்கோள் பதிவு இல்லை. அங்கே பேசுவது மாதிரிகள்.

இன்னொரு முட்டுக்கட்டை கடக்வாஸ்லாவிலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். ஜூனில் தென்மேற்குக் காற்று சோமாலியா, ஓமன் கரைகளை உரசிக்கொண்டு வரும்போது மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளுகிறது. அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் எழுகிறது. அரபிக்கடலின் ஆண்டுக்கான பெரிய பச்சைப் பெருக்கம் அப்போதுதான். அதே காற்று ஈரத்தைச் சுமந்து வந்து சஹ்யாத்ரியில் மோதிக் கொட்டுவதுதான் பான்ஷெட்டையும் கடக்வாஸ்லாவையும் நிரப்புகிறது. பச்சை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் கடலுக்கு மேலே மேகம் மூடிக்கிடக்கும். நண்பகல் வாக்கில் கடந்துபோகும் ஓஷன்சாட்டுக்குக் கீழே பெரும்பாலும் வெள்ளைதான். கப்பலோ அந்தக் கொந்தளிப்பில் குடுவை இறக்கத் தயங்கும். வருடத்தின் மிக முக்கியமான பக்கத்தில் மை கொட்டியிருப்பது போல.

அந்தப் பக்கத்தைப் படிக்க இப்போது ஆளில்லாத மிதவைகளை விட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் உயரக் குழாய், ஒளிர்வை அளக்கும் சின்னக் கருவியோடு. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் நாட்கணக்கில் தூங்கி, பிறகு இன்னும் கீழே போய், மேலே வரும் வழியெல்லாம் நீல ஒளியைக் காட்டிச் சிவப்பை எண்ணுகிறது. இதற்கும் கோணல்கள் உண்டு. உச்சிவெயிலில் பாசி தன்னைக் காத்துக்கொள்ள ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். பகல் அளவு பொய்யாகக் குறைந்திருக்கும். இவற்றில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவி சராசரியாக இரண்டு மடங்கு கூட்டிக் காட்டுகிறது என்று 2017இல் தெரியவந்தது. எதனோடு ஒப்பிட்டு? நிஸ்கின் குடுவை, வடிதாள், அசிட்டோன், எச்.பி.எல்.சி. அந்தப் பழைய சமையலோடு ஒப்பிட்டுத்தான். அதனால் மிதவையை இறக்கும் இடத்திலேயே ஒரு குடுவை நீரும் மொண்டு வைக்கச் சொல்கிறார்கள்.

ஆகஸ்டில் அணை நிரம்பி மதகு திறக்கிற நாளில் கரையில் கூட்டம் தாங்காது. சோளக்கதிர்க்காரர் குடையை அடுப்பின்மேல் பிடித்துக்கொண்டு தான் நனைவார். சிம்மகட் கோட்டை தெரியாது. மேகம் ஏரி வரை இறங்கியிருக்கும். அதே மேகக் கூட்டத்தின் மறுமுனைக்குக் கீழே, நடுக்கடலில் எங்கோ ஒரு மஞ்சள் குழாய் மேலே வந்து, உணர்கொம்பை நீட்டி, தான் எண்ணிய சிவப்பைச் செயற்கைக்கோளிடம் சொல்லிவிட்டு மறுபடி மூழ்கிக்கொண்டிருக்கும்.